கீழாநெல்லியும் சங்கத்தின் முத்திரையும்

கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். அண்மையில் நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், அங்கத்தினர் இச்செடியைப் பயிரிட்டு, பொடியாக்கி விற்கும் திட்டம் ஒன்றைக் காட்டினர். முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் உறையின்மேல் 'கல்லீரல் நோய் தீர்க்கும்' என்று அச்சிடவும் எண்ணியிருந்தனர். இது குறித்து நம் கருத்தைக் கூறுவது கடமையாகிறது.

விஞ்ஞானிகள் இச்செடியைப் புறக்கணித்தவர்கள் அல்லர். சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் முதலியோர், நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியவர்களுள், கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால் 1990-இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் இப்பயன் காணப்படவில்லை. நஞ்சூட்டிய எலிகளின் கல்லீரலை இச்செடியின் சாறு காத்ததென்னும் ஆய்வுகளும் உண்டு. எலிக்கு உதவியது மனிதனுக்கும் உதவும் என்பதற்கு அது மட்டும் சான்றாகாது.

அங்ஙனமாயின் காமாலை குணமாவதை நாம் கண்ணாரக் காண்கிறோமே என்று கேட்கலாம். அசுத்த நீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும்; புகழ் செடியைச் சேரும். பித்தநாளத்தில் கல் அடைத்து வரும் காமாலையோ அவ்வாறு தணியாது. நாமறிந்த நெசவாளர் ஒருவர் ஒரு மாதம் இலைச்சாற்றையே நம்பியிருந்து, குளிர்சுரம் கண்ட பின்னரே மருத்துவமனை சென்றார். அடைத்திருந்தது கல். உயிர் பிழைத்தார், பாவு ஏற்றிய தறி மூன்று மாதம் வாளா நின்றது, வீட்டில் கடன் ஏறியது.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. கீழாநெல்லியைத் தாராளமாகப் பயிரிடுக. ஆனால் அதனையொத்த வேறு செடிகள் பல உள்ளன; தென்னிந்தியக் கடைச்சரக்குகளில் அவை கலந்திருந்ததை 2010-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனவே தாவரவியல் அறிந்தவரிடம் காட்டி இனத்தை உறுதி செய்தல் வேண்டும். பூச்சிமருந்து தெளித்த வயலில் களையாக முளைத்ததைச் சேர்த்தல் கூடாது. கல்லீரலைக் காக்கவென்று கொடுக்கும் இலையே அதற்கு நஞ்சாகிவிடும். உறையில் செடியின் பெயரும், விளைந்த இடமும், உலர்த்திய நாளும் இருந்தால் போதும். நோய் தீர்க்கும் என்ற வாசகம் வேண்டாம்.

60-ஆம் நம்பர் நூலை 80 என்று முத்திரையிட எந்தச் சங்கமும் துணியாது. மருந்துச் சரக்கிலும் அந்நேர்மையே வேண்டும். கண்ணில் மஞ்சள் கண்ட அங்கத்தினர் காலந்தாழ்த்தாது இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. பிறந்த குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தவறாதீர். இவற்றை அடுத்த பொதுக்குழுவிலேயே தீர்மானமாக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.