கடல் தாண்டாத கேள்வி

2021 ஜனவரியில் கொழும்பில் கூடிய அமைச்சரவை, யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்குக் கொடுக்க இணங்கியது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியுடையது. கேள்விப்பத்திரம் கோரி, முறைப்படி எடுத்த முடிவு. ஆனால் புதுடில்லிக்கு முகம் கறுத்துவிட்டது. நெடுந்தீவிலிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான். அவ்வளவு கிட்டத்தில் சீனாவின் காற்றாடி சுழல்வதை இந்தியா எப்படிப் பொறுக்கும்?

அந்த வருடம் முழுவதும் இழுபறி. டிசம்பர் பிறந்ததும் சீனத் தூதரகம் ஓர் அறிவித்தல் விட்டது: மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் நிறுத்தப்படுகிறது. அந்த மூன்றாம் தரப்பு யாரென்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே அறிவித்தலில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரிய மின்சாரம் அமைக்க ஒப்பந்தம் போட்டுவிட்டதாம். சில நாள் கழித்துச் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி நல்லூர்க் கோயிலில் கும்பிட்டுப் போனார். மின்சாரம் வரவில்லை, படம் மட்டும் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

பிறகு இந்தியாவின் முறை. வங்கிக் கடனுக்குப் பதில் நன்கொடை என்றார்கள். நாடே 13 மணிநேர மின்வெட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 2022 மார்ச்சில், இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் நின்றபோது புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. வேலைக்கான ஒப்பந்தம் போட இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் நிறுவனத்துக்கு வேலை கொடுக்கப்பட்டது. நன்கொடை 11 மில்லியன் டொலர். மூன்று தீவுக்கும் சேர்த்துச் சூரிய ஒளியிலிருந்து 1,700 கிலோவாற், காற்றிலிருந்து 530 கிலோவாற், 2,400 கிலோவாற் மணி கொள்ளளவுள்ள பற்றரி, காற்றும் வெயிலும் கைவிடும் நேரத்துக்கு 2,500 கிலோவாற் டீசல் மின்பிறப்பாக்கி.

இரண்டு வல்லரசுகள் முட்டிக்கொண்டது இந்த அளவு மின்சாரத்துக்காகத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை தார் றோட்டும் போகும், தேசிய மின்கம்பியும் போகும். அங்கே இறங்குதுறையோடு இரண்டும் நின்றுவிடும். அதற்கப்பால் நயினாதீவுக்குச் சிறிது நேரப் படகு, நெடுந்தீவுக்கு ஒரு மணிநேர அளவுப் பயணம். மின்பிறப்பாக்கிக்கு வேண்டிய டீசலும் கடல் வழியேதான் போகவேண்டும். கட்டணம் நாடு முழுவதும் ஒன்றென்பதால் தீவார் கொடுக்கும் பணத்துக்கும் உண்மைச் செலவுக்கும் இடையில் விழும் பள்ளத்தை மின்சார சபை நிரப்பி வந்தது. வருடக் கணக்கில் வீசும் காற்றை விட்டுவிட்டு டீசலை எரிக்கும் இந்தக் கூத்தைச் சீக்கிரம் முடித்திருந்தால் முதலில் மிச்சம் பிடித்திருப்பது அரசாங்கமே. செய்முறை தெரியாத வேலையும் இல்லை. அனலைதீவுக்குப் பக்கத்து எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் இத்தகைய கலப்பு மின்திட்டம் முன்னரே அமைக்கப்பட்டது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின் மாகாணப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால், மாகாணத்துக்குள் மின்சாரம் உற்பத்தி செய்யும் இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்வது மாகாண சபையின் விடயம் என்று எழுதியிருக்கிறது. விலக்கு இரண்டு: நீர்மின்சாரம், தேசிய மின்வலைக்குப் போகும் மின்சாரம். நெடுந்தீவில் ஆறும் இல்லை, தேசிய மின்வலையும் இல்லை. சட்டத்தை எழுதியவர்கள் இந்தத் தீவுகளை மனதில் வைத்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றும்.

ஆனால் கேட்கச் சபை எங்கே? 2013 செப்டம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு முன்பே, 2017இல், தேர்தல் முறையை மாற்றிப் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139, ஆதரவாகப் பூச்சியம். அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல் தேர்தல் அந்தரத்தில் தொங்கியது. சீனாவுக்குக் கொடுத்ததும், பறித்ததும், இந்தியாவுக்குக் கொடுத்ததும் வடக்கை ஆளுநர்கள் நடத்திய காலத்தில்தான் நடந்தன.

சபை இருந்த 5 வருடத்தில் தீவகத்தில் பாலும் தேனும் ஓடியதென்று யாரும் சொல்லமாட்டார்கள். முதலமைச்சர் விக்னேஸ்வரனுக்கு எதிராக அவருடைய அணியினரே 2017இல் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுத்துப் பிறகு மீளப் பெற்ற கூத்தும் அங்கேதான் நடந்தது. இருந்தாலும், பேசுவதற்கு ஓர் இடம் இருந்தது. தீவார் ஒரு உறுப்பினரின் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆளுநர் பதில் சொல்லவேண்டியதும் ஜனாதிபதிக்கே.

இனி வரப்போகும் செலவும் சின்னதில்லை. நன்கொடை என்பது கட்டிக் கொடுப்பதற்கு. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் காற்றாடியைப் பழுதுபார்ப்பதும், காலம் முடிந்த பற்றரியை மாற்றுவதும் எந்த ஒதுக்கீட்டில்? உதவியாக வந்த பொருள் பழுதாகி நிற்கும்போது கொடுத்தவரும் வாங்கியவரும் ஆளையாள் பார்ப்பது வடக்குக்குப் புதிதல்ல.

இதைக் கேட்பதற்கும் சபை வேண்டும். 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அப்போது ஆட்சியிலிருந்த தேசிய மக்கள் சக்திக்குப் போயின. மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்று அவர்களுடைய விஞ்ஞாபனம் சொன்னது. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மேயில் நடத்தினார்கள், அதற்காகப் பாராட்டலாம். மாகாண சபைத் தேர்தல் மட்டும் அந்த ஒரு வருடத்துக்குள் வரவில்லை. குறிகட்டுவானில் படகேறி வாக்குக் கேட்க வருபவர் எந்தக் கட்சியானாலும், தீவார் அவரிடம் இரண்டு விடயம் கேட்கவேண்டும்: பற்றரி மாற்றும் காசு எந்தக் கணக்கில் இருக்கிறது, மாகாண சபைத் தேர்தல் எந்தத் திகதியில்?