கருப்பும் ஒரு ஷேடுதான்

என் பழைய புல்லட்டின் பக்கவாட்டு மூடிக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன். கருப்புதானே என்று நினைத்தது தப்பு. பட்டறை டியூப்லைட்டில் டேங்கும் மூடியும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வெயிலுக்கு வந்ததும் மூடி நீலம் காட்டியது, டேங்க் பழுப்படித்தது. பெயிண்டர் அலட்டிக்கொள்ளாமல் டேங்கின் ஓரத்தில் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தார். வெளுத்த மேல்தோல் போனதும் அடியில் வேறொரு கருப்பு. "இதுல எதுக்கு மேட்ச் பண்ணணும், சொல்லுங்க" என்றார்.

கருப்பு ஆர்டர் வரும்போது திருப்பூரில் எத்தனை பேர் இதைக் கேட்கிறோம்? பேபி பிங்க்குக்கு நாலு லேப் டிப் அனுப்புகிறவர்கள், கருப்பு என்றால் பழைய ரெசிப்பியை எடுத்து ஓட்டிவிடுகிறோம்.

காட்டனுக்கு நாம் அதிகம் போடும் ரியாக்டிவ் பிளாக் 5 உண்மையில் கரும் நேவி. ஆரஞ்சும் சிவப்பும் சேர்ந்துதான் அதைக் கருப்பாக்குகின்றன. அந்தச் சேர்மானம் கொஞ்சம் மாறினாலும் ஒரு லாட் பச்சை காட்டும், இன்னொன்று சிவப்படிக்கும். டி65 விளக்கில் பாஸான துணி, கடையின் டிஎல்84 விளக்கில் திரும்பி வருவதும் இதனால்தான். ஸ்பெக்ட்ரோவை மட்டும் நம்பவும் முடியாது. கருப்பிலிருந்து திரும்பும் ஒளி நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான். துணியை மடித்து வைத்த விதம் மாறினாலே எண் மாறிவிடும்.

ரிப் விஷயம் தனி. ஒரே பாத்தில் போட்டாலும் அதன் மேடுபள்ளம் நிழல் தருவதால் பாடித் துணியோடு ஒட்டாது. பயோவாஷ் பஞ்சை எடுத்தால் ஷேடு நகரும், சிலிக்கான் சாஃப்ட்னர் ஏறினால் கருப்பு ஆழமாகும். ஆகவே மெஷினிலிருந்து எடுத்த துண்டைப் பார்த்து ஓகே சொல்வது வெறும் அவசரம். காம்பேக்டிங் முடிந்த துணியைத்தான் பார்க்க வேண்டும்.

"லாட் கெட்டுப்போச்சா, கருப்புல போட்டுடு" என்பது நம் ஊர் வழக்கம். நஷ்டத்தைக் குறைக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துணியை ஃப்ரெஷ் லாட்டோடு ஒரே சட்டையில் தைக்கக் கூடாது. நாலு துவைப்பில் அடி நிறம் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, பூஜ்ய வெளியேற்றத்தில் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் விலை இருக்கிறது. அந்தச் செலவுக்குப் பயந்து சோப்பிங்கில் ஒரு பாத்தைக் குறைக்கிறார்கள். இழையில் பிடிக்காத சாயம் துணியிலேயே தங்குகிறது. ஈரத் தேய்ப்பு சோதனையில் வெள்ளைத் துணி கறுத்து ஆர்டர் திரும்புகிறது. இது சிக்கனமே அல்ல.

அடுத்த கருப்பு ஆர்டரை எடுக்கும்முன் மெர்ச்சண்டைசரிடம் ஃபினிஷ் ஆன துணித்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எந்த விளக்கில் பார்ப்பார்கள் என்பதையும் அதன் மேலேயே எழுதி வாங்குங்கள்.