நீரிழிவு வகுப்பும் இரண்டு நாள் கூலியும்

நீரிழிவு நோய் உடையவர்களுக்கென்று மருத்துவமனைகளில் அவ்வப்போது நடத்தப்பெறும் போதனை வகுப்புகளுக்கு, வேலையை நிறுத்திவிட்டுப் போகத்தான் வேண்டுமா என்னும் கேள்வி நம் அங்கத்தினர்களிடையே எழுந்துள்ளது. "நான்கு அரை நாள் என்றால் இரண்டு நாள் கூலி, அதை யார் தருவார்?" என்கிறார் நெசவாளி. "மாத்திரைதான் கிடைத்துவிடுகிறதே, வகுப்பு எதற்கு?" என்கிறார் விவசாயி. இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கு விடை சொல்லாமல் ஆரோக்கியத்தின் பெருமையைப் பிரசங்கம் செய்வோரைக் கண்டால் எனக்கு அலுப்புத்தான் உண்டாகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய் உடையவர் என்று கணக்கிட்டது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் என்பது அதன் முடிவு. நம் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டும்போது இந்த விகிதத்தை மனத்தில் கொள்வது நல்லது.

மாத்திரை கிடைப்பது பெரிய விஷயமே. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் வீட்டு வாயிலிலேயே மருந்து பெற்றவர் பலர். ஆனால் மாத்திரை தன்னை எப்படி உண்பது என்று தானே சொல்லாது. பாவு பிணைக்கும் அன்று காலையில் ஒரு நெசவாளி மாத்திரையை விழுங்கிவிட்டு, பிணைத்து முடித்தபின் சாப்பிடலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார். இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் அவ்வேளையில் இரத்தத்தின் சர்க்கரையை அளவுக்கு மிஞ்சித் தாழ்த்திவிடும். கை நடுங்கும், வியர்க்கும், புத்தி தடுமாறும். இன்சுலின் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் மண்வெட்டி பிடிப்பவருக்கும் இதே கதிதான். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் குடிக்க வேண்டும். தெளிந்தபின் உணவு கொள்ள வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும். தாம் உண்ணும் மாத்திரைக்கு இந்த அபாயம் உண்டா, இல்லையா என்பதை எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறார்கள்? நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் மருத்துவர் நமக்கு ஒதுக்கும் இரண்டொரு நிமிஷத்தில் இவற்றையெல்லாம் சொல்ல அவருக்கும் இயலாது, கேட்க நமக்கும் தோன்றாது.

இனி, நம் தொழிலுக்கே உரிய சங்கதி ஒன்று. குழித்தறியில் அமர்ந்தவர் வெறுங்காலால் மிதிகட்டையை மிதிக்கிறார். பயிரிடுவோர் இரவு மின்சாரம் வரும் வேளையில் வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறார். நீரிழிவு நீடித்தால் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மெல்ல மங்கும். சிராய் ஏறியதும் முள் தைத்ததும் தெரியாது. வலி இல்லாததால் புண்ணைக் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது விரல் போகும் நிலை வந்துவிடுகிறது. இரவு படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, உணர்ச்சி குறைந்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதிருப்பது, இப்படிச் செலவே இல்லாத காரியங்களைத்தான் நல்ல வகுப்பில் கற்பிக்கிறார்கள்.

கண்ணும் அப்படியே. அறுந்த இழையைத் தேடி முடிச்சிடும் கண் மங்கினால் தறி நின்றது என்றே பொருள். விழித்திரையில் இந்நோய் செய்யும் கேடு தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகையால் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை வேண்டும். அதற்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும். தறி ஓடும் நாளில் அதை வைத்துக்கொள்ளாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

உணவைப் பற்றி ஓட்ஸ் கஞ்சியும் ஆப்பிளும் மட்டுமே பேசும் வகுப்பானால், எழுந்து வந்துவிடுவதில் தவறில்லை என்பேன். நம் ஜனங்களுக்கு வேண்டியது வேறு. கேழ்வரகுக் களியை எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்று நம்புவோர் உளர். சப்பாத்திக்குக் கணக்கில்லை என்போரும் உளர். இரண்டும் மாவுச்சத்தே, அரிசியைப் போலவே அளவுக்கு உட்பட்டவை. தேநீரின் கணக்கோ யாரும் பார்ப்பதில்லை. தறியடியில் நாளொன்றுக்கு ஐந்து குவளை, குவளைக்கு இரண்டு கரண்டி என்றால், பத்துக் கரண்டிச் சர்க்கரை சோற்றுக்கு வெளியே உள்ளே போகிறது!

கூலிக்கு வருவோம். இரண்டு நாள் கூலி நஷ்டம் என்பது மெய். ஒரு பாதப்புண் ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆனால் அந்த நஷ்டம் எவ்வளவு என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்ளட்டும். வேலைக்குப் போவோரின் தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதல் வகை நோயாளிகளுக்கென 'டாப்னே' என்னும் ஐந்து நாள் வகுப்பு உண்டு. அது பயனுள்ளது என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடர்ந்து ஐந்து நாள் விடுப்பு எடுப்பது பலருக்கு இயலாமையால், வாரம் ஒரு நாளாக ஐந்து வாரம் நடத்திப் பார்த்தனர். பயன் குறையவில்லை. ஆகவே நமக்கு ஒத்துவரும் நாளைக் கேட்டுப் பெறுவதில் வெட்கத்துக்கு இடமில்லை. தீபாவளிச் சரக்கு ஒப்படைக்கும் வாரத்தில் வகுப்பு வந்தால் அடுத்த தடவைக்குத் தள்ளிவைக்கலாம். அதையும் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் புதிதாக இன்சுலின் தொடங்கியவரும், காலில் மரமரப்பு உடையவரும், ஒரு முறையேனும் மயங்கி விழுந்தவரும் தள்ளிவைத்தல் கூடாது.

நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சமும் ஒரு தடையே. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இது பெரிதாகவே தோன்றும். இதனால் பெண்களே அதிகமாகப் பின்தங்குகிறார்கள். பாவு சுற்றுவதும் சமையலும் அவர்கள் தலையிலேயே இருக்க, வகுப்புக்குப் போக வீட்டில் ஒருவர் சொன்னாலன்றி அவர்கள் புறப்படுவதில்லை. வீட்டுக்காரருக்கு நோய் என்றாலும் சமைப்பவர் கூடவே போய்க் கேட்பதுதான் முறை.

சங்கங்களின் கடமை இங்கேதான் வருகிறது. 1844-இல் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய 28 பேருள் நெசவாளிகளும் இருந்தனர். அச்சங்கம் பிற்காலத்தில் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அங்கத்தினர் கல்விக்கென்றே ஒதுக்கியது. நம் சங்கங்களிலும் கல்வி கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்று என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். எழுத்து மங்கியும் போயிருக்கிறது. பல ஊர்களில் அமாவாசையன்று தறி ஓடுவதில்லை. அன்று சங்கக் கட்டிடத்திலேயே வகுப்பு நடத்தித் தருமாறு ஆரம்ப சுகாதார நிலையத்தாருக்கு நிர்வாகக் குழு ஒரு கடிதம் எழுதலாம். அவர்கள் வர இயலாவிட்டால், வகுப்புக்குப் போகிறவருக்கு நெசவு ஒப்படைக்கும் தேதியை இரண்டு நாள் தள்ளிக் கொடுக்கத் தீர்மானம் நிறைவேற்றலாம். விவசாயிகளுக்கு அறுவடை முடிந்த மாதத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓர் இடம் தருமாறு தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.