வெறுங்கையோடு வந்தவர் யார்?

மும்பைத் தமிழரைப் பற்றி எழுதப் புகுவோர் விடாது கையாளும் தொடர் ஒன்றுண்டு. ‘வெறுங்கையோடு வந்தோம், உழைப்பால் உயர்ந்தோம்’ என்பதே அது. ஆண்டு மலர்களின் வாழ்த்துரைகளிலும், பொங்கல் விழா மேடைகளிலும், மாட்டுங்கா உணவகங்களின் காப்பி மேசைகளிலும் அது ஒலித்த வண்ணம் இருக்கிறது. செவிக்கு இனிய தொடர்தான். மெய்யான தொடரா என்று உரைகல்லில் இட்டுப் பார்க்கத்தான் எவரும் முன்வருவதில்லை.

நாம் என்று இங்குக் கூறுவது, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அன்டாப்ஹில் அரசுக் குடியிருப்புகளிலும் வாழ்ந்து, அலுவலக நாற்காலியில் அமர்ந்து ஊதியம் பெற்ற, இன்றும் பெற்றுவருகின்ற குடும்பத்தாரை. இக்கட்டுரையை வரைவதும் அக்கூட்டத்தைச் சேர்ந்த ஓர் எழுத்தரின் பேனாவே.

நம் பாட்டனாரும் தந்தையரும் தாதர் நிலையத்தில் சென்னை மெயிலிலிருந்து இறங்கியபோது, ஒரு தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளும் அன்றி வேறொன்றும் கொண்டுவரவில்லை என்பர். நன்று. அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போமா? பள்ளியிறுதி வகுப்புச் சான்றிதழ் அதில் இருந்தது. தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் தேறியமைக்குத் தாள் இருந்தது. பிழையற்ற ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் திறன் தலைக்குள் இருந்தது. சட்டைப் பையில் ஒன்றுவிட்ட மாமாவின் முகவரி இருந்தது. மாமா தம் அறையில் பாய் விரிக்க இடம் கொடுத்தார். எந்த அலுவலகத்தில் காலியிடம் உண்டு என்பதையும் அவரே சொன்னார். பின்னர்ப் பிள்ளைகள் பிறந்தபோது அவர்களுக்குப் பள்ளியும் ஆயத்தமாக இருந்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலேயே தோன்றிவிட்டது. இத்தனையும் சேர்ந்ததற்கு ‘வெறுங்கை’ என்று பெயர்!

இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்லலாம். அச்சான்றிதழ் எங்கிருந்து வந்தது? ஊர்ப் பள்ளியின் வாயிலில் நம்மவரை நிறுத்திக் குலம் கேட்டு எவரும் விரட்டவில்லை. பள்ளிச் சம்பளம் கட்ட நெல் விற்கப்பட்டது. அந்நெல் விளைந்த சேற்றில் இறங்கி நின்றவர் எவரோ, அவர் மகனுக்கு அப்பள்ளியில் இடமில்லை. இடம் இருந்தபோதும் போவதற்குப் பொழுதில்லை. அம்மகனும் அதே மெயிலில்தான் வந்தான். நெல்லைச் சீமையிலிருந்து வந்த அவனைப் போன்றோர் பலர் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் சுண்ணாம்புத் தொட்டிகளின் முன் நின்றனர். வெறுங்கையோடு வந்தவர் என்ற சொல் எவருக்கேனும் பொருந்துமாயின் அவர்களுக்கே பொருந்தும். அவர்களோ அதைச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்ல மேடையும் இல்லை.

சட்ட நூல்களில் நிலைபெற்றுவிட்ட தமிழர் ஒருவரின் வரலாற்றை இங்குக் கூறுதல் தகும். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படுவதன் மனுதாரருள் அவரும் ஒருவர். சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலியாளர். வறட்சியால் பிழைப்பிழந்து 1961இல் மும்பை வந்தவர். இரசாயனத் தொழிற்கூடம் ஒன்றில் அவருக்கு நாட்கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டிய நடைபாதையில், பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு தங்கலுக்காக அவரிடம் 2,500 ரூபாய் பறிக்கப்பட்டது. 1981 சூலை 23 அன்று மாநகராட்சியினர் அதனையும் இடித்து, மனைவி மக்களோடு அவரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டனர். குடும்பம் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மீண்டும் நடைபாதையில் குடியேறினார். பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அறிவிப்புக் கொடுத்து முறைப்படி அகற்றலாம் என்றும் அத்தீர்ப்பே கூறிற்று. இருபது ஆண்டுகள் உழைத்த மனிதர் அவர். உழைப்பு ஒன்றே உயர்த்துமாயின், 1981இல் அவர் செம்பூரில் வீடொன்றுக்கு உரியவராக இருந்திருக்க வேண்டாமா?

‘எழுத்தர் ஊதியம் என்ன பெரிய ஊதியமா? மாதக் கடைசியில் நாமும் கடன் வாங்கவில்லையா?’ என்று கேட்போர் உளர். வாங்கினோம். ஆனால் அக்கடனைத் தருவதற்கு அலுவலகக் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. தாராவியில் இருந்தவர் வட்டிக்கடைக்காரரிடம் போனார். நாம் வளர்ந்த குடியிருப்பில் குழாய் வீட்டுக்குள் இருந்தது. கழிவறை வீட்டுக்குள் இருந்தது. பொதுக் கழிவறையின் முன் வரிசையில் நின்றுவிட்டுப் பள்ளிக்குப் பிந்திப் போக நேர்ந்ததில்லை. காய்ச்சல் என்றால் அரசு மருந்தகம். இரண்டாண்டுக்கொருமுறை சொந்த ஊர் சென்றுவரப் பயணச் சலுகை. வீடு வாங்க முன்பணம். தந்தையார் மறைந்தாலும் தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம். இவை பெருஞ்செல்வம் அல்ல என்பது உண்மையே. ஆயினும் கால் வழுக்கினால் பள்ளத்தில் விழாதபடி தாங்குகின்ற வலை இது. அவ்வலையின் மேல் நின்றுகொண்டு நம் கால்வலிமையைப் புகழ்ந்துகொள்வது என்ன நேர்மை?

முகவரி என்பதும் ஒரு செல்வமே. குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆணை நமக்கு முகவரியைத் தந்தது. குடிசைவாழ் மக்களுக்கோ, 1976இல் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு ஒளிப்பட அட்டை வழங்கப்பட்ட பின்னரே தாம் அங்கு வாழ்வதற்குச் சான்று என ஒன்று கிட்டிற்று. இன்றைய தாராவி மறுசீரமைப்பில் விலையின்றி வீடு பெறவும், 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்பே அங்கிருந்தமையை அவர்கள் தாளில் காட்டியாக வேண்டும்.

இனி, நம் வீட்டுக் கூடங்களில் அடிக்கடி எழும் ‘தகுதி’ப் பேச்சுக்கு வருவோம். இடஒதுக்கீட்டால் நம் பிள்ளைகள் வாய்ப்பிழக்கின்றனர் என்று புலம்புகிறோம். தாராவித் தமிழரின் நிலை என்ன? மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட ஆந்திரப் பழங்குடி மாணவரின் வழக்கில் 1990இலும், பிறிதொரு வழக்கில் 1994இலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக உரைத்துவிட்டது: வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த பட்டியல் வகுப்பார், தம் சொந்த மாநிலத்துத் தகுதியை மகாராட்டிரத்தில் காட்டி இம்மாநிலச் சலுகைகளைக் கோர இயலாது. நடுவண் அரசுப் பணிகளுக்கு அச்சான்றிதழ் செல்லும். மாநிலக் கல்லூரிக்கும் மாநிலப் பணிக்கும் செல்லாது. சட்டத்தின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். விளைவைப் பாருங்கள். நம் பட்டமும் ஆங்கிலமும் மாமாவின் முகவரியும் எல்லை கடந்தும் செல்லுபடியாயின. அவர்களுக்கோ, சேரியில் பிறந்தார் என்னும் இழிவு மட்டும் மெயிலேறி உடன்வந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த சான்றிதழ் எல்லையிலேயே நின்றுவிட்டது. இதை எதிர்த்து நம் சங்கங்கள் எத்தனை தீர்மானங்கள் நிறைவேற்றியிருக்கும்? கவியரங்கத் தலைப்புக்கு நாம் செலவிட்ட நேரத்தில் பாதியேனும் இதற்குச் செலவிட்டோமா?

அடுத்த மலரைத் தொகுப்போர்க்கு ஒரு வேண்டுகோள். கட்டுரை கேட்டு மாட்டுங்காவின் கதவுகளை மட்டும் தட்டாதீர்கள். சயானைக் கடந்தால் தாராவி, நடந்தே போகலாம். தோல் கூடத்தில் நின்றவரும், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து மேல்வகுப்பில் மொழி மாறித் திணறியவரும் அங்கு இருக்கின்றனர். எழுதத் தயங்குவாராயின் அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதித் தரலாம். நமக்கு அதுதானே தொழில். பக்கம் போதாது என்பீராயின், வாழ்த்துரைகளையும் நம் புகைப்படங்களையும் எடுத்துவிடுங்கள்.