ஜெர்மன் படிக்கும் நம் பிள்ளைகள்

செவிலியர் படிப்பு முடித்த நம் பெண்கள் பலர் இப்போது கைப்பேசியில் ஜெர்மன் படிக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து பேருந்தில் ஊர் திரும்பும்போதே காதில் பாடம் ஓடுகிறது. அந்நாட்டில் செவிலியராகப் பதிவு பெறப் பொதுவாக பி2 நிலை மொழித்தேர்ச்சி கேட்கிறார்கள். ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு நிலைகளில் அது நான்காவது. வாத்தியார் இல்லாமல் அவ்வளவு தூரம் போக முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் வரலாறு தெரியாது.

அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத பையனுக்கு அதைக் கற்றுத்தர மறுத்ததால் பாரசீக மொழியை எடுத்தார். வேடிக்கையைப் பாருங்கள்: ஈரானிலிருந்து வந்த மொழி அவருக்குத் திறந்திருந்தது, இந்த நாட்டு மொழி பூட்டிக் கிடந்தது. எது அந்நிய மொழி என்பதை நமக்குச் சாதிதான் தீர்மானித்தது. பிற்காலத்தில் தம் முயற்சியில் சமஸ்கிருதம் படித்தார். ஆனாலும் 1946-இல் வெளிவந்த 'சூத்திரர்கள் யார்?' நூலின் முன்னுரையில், அம்மொழியில் தமக்குப் போதிய புலமை இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்காக எழுதாமல் இருக்கவில்லை. மூலநூல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றனவே என்று வாதாடினார். பாலி மொழிக்கு அவர் தொகுத்த இலக்கணமும் அகராதியும் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அவருடைய எழுத்துகளின் 16-ஆம் தொகுதியாக அச்சாயின. முழுப் புலமை வந்த பிறகுதான் வாயைத் திறப்போம் என்று காத்திருக்கும் மாணவர்கள் அந்த முன்னுரையைப் படிக்க வேண்டும்.

ஜெர்மன் நாம் மிரள வேண்டிய மொழியும் அல்ல. தமிழில் வேற்றுமை எட்டு, அதில் நான்குதான். வினைச்சொல் கடைசியில் வருவது நமக்குப் பழக்கம். ஜெர்மனின் துணை வாக்கியங்களிலும் அப்படியே. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் தடுமாறும் அந்த இடத்தில் தமிழ் பேசுபவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஆனால் இதைத் தமிழில் விளக்கும் பாடநூல்தான் கைக்கு எட்டுவதில்லை. தமிழ்வழியில் படித்த பெண், முதலில் ஆங்கிலத்தில் இலக்கணத்தைப் புரிந்துகொண்டு, பிறகு ஜெர்மனுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு மொழிக்கு இரண்டு மொழியின் பாடு. பாடநூல் கழகம் நினைத்தால் ஒரு நல்ல தமிழ்வழி நூலை வெளியிட முடியும்.

படிப்பதும் கேட்பதும் தனியாக நடக்கும். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனம் 'நிக்கோஸ் வேக்' என்ற பாடத்தைக் கட்டணமில்லாமல் தருகிறது. பி1 வரை அதிலேயே போகலாம். பேசுவதுதான் தனியாக வராது. பி1, பி2 தேர்வுகளில் வழக்கமாக எதிரே இன்னொரு தேர்வரோடு உரையாட வேண்டும். சேரியில் அந்த இன்னொருவர் எங்கே? அதைக் காட்டித்தான் பயிற்சி நிலையங்கள் பணம் பறிக்கின்றன. கம்மலை அடகு வைத்துக் கட்டிய வீடுகள் உண்டு. அதன் மேல் தேர்வுக் கட்டணம் வேறு. ஆங்கிலத்துக்கான ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு மட்டும் 17,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது, மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது ஒரு மாத உழைப்புக்கும் மேல்.

தாட்கோ வெளிநாட்டு வேலைக்கான மொழிப் பயிற்சி தருவதை வரவேற்கிறோம். ஆனால் வேலையை விட்டுவிட்டு, விடுதியில் தங்கி, மாதக்கணக்கில் வகுப்புக்கு வரக்கூடியவருக்கே அது உதவும். எங்கே படித்தார் என்று கேட்காமல், தேர்வில் தேறிய நம் பிள்ளைக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். முதல்முறை தோற்றவருக்கும் ஒரு தடவை தர வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் ஞாயிறுதோறும் ஓர் அறையை ஒதுக்கினால், தனித்தனியாகப் படிப்பவர்கள் அங்கே எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பழகுவார்கள். நாற்காலியும் மின்விசிறியும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.