எந்தக் கோல் கொண்டு அளப்பது?

ஒரு நாட்டின் மட்டைப்பந்து வரலாற்றில் தலைசிறந்த ஆட்டக்காரர் யாவர்? இவ்வினாவை எழுப்பிப் பட்டியலிடுவதும், பட்டியலுக்காகப் பூசலிடுவதும் இதழ்கட்கும் தொலைக்காட்சிகட்கும் ஓயாத் தொழிலாகிவிட்டன. பட்டியல்கள் பலவாயினும் அவற்றை அளக்கும் கோல் ஒன்றே. யார் எத்தனை ஓட்டம் குவித்தார், விக்கெட்டு எனப்படும் இலக்குகளை எத்தனை வீழ்த்தினார் என்னும் எண்ணிக்கையே அக்கோல். அது நேரான கோல்தானா என்று கேட்பார் அரியர்.

'வெள்ளையன் விட்டுச் சென்ற ஆட்டம்; அதில் தமிழனுக்கென்ன வேலை?' எனச் சிலர் வினவலாம். சடுகுடுவும் சிலம்பமும் தமிழர் ஆடி வருபவை. அவை வளர்தல் வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆயின், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கோடையில் சென்று பார்க்க! வானம் பார்த்த அக்கரிசற் காட்டில் கண்மாய்கள் வறண்டு வெடித்துக் கிடக்கும். உழவனை வாட்டும் அவ்வறட்சியே ஊர்ச் சிறுவர்க்கு ஆடுகளம். உடைமரக் குச்சி மூன்றை நட்டு, தென்னை மட்டையைச் செதுக்கி, தேய்ந்த இரப்பர்ப் பந்தை வீசி அவர்கள் ஆடுகின்றனர். அவர்கள்முன் எவர் எடுத்துக்காட்டாக நிறுத்தப்படுகிறார் என்பது தமிழர் ஒதுக்கத்தக்க செய்தியன்று.

கவாசுகரின் 10,122 ஓட்டங்களையோ கும்ப்ளேயின் 619 இலக்குகளையோ எவரும் குறைத்துப் பேசுதற்கில்லை. அவை அரிய உழைப்பின் விளைவு. ஆனால், எண்ணிக்கை பெருகவேண்டுமாயின் முதலில் ஆடும் வாய்ப்புக் கிட்டவேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்டவன் பெயர்க்கு எதிரே வெறுமையே நிற்கும். அவ்வெறுமை மறுத்தவரின் குற்றத்தைக் காட்டுமேயன்றி, ஆடியவனின் குறையைக் காட்டாது.

பல்வங்கர் பாலுவை எண்ணுக! தீண்டத்தகாதார் எனத் தள்ளப்பட்ட குடியில் பிறந்தவர் அவர். பூனாவில் வெள்ளையர் மன்றத்தில் திங்களுக்குச் சில உரூபாக் கூலி பெற்று ஆடுகளம் பேணினார். வெள்ளையர் மட்டை பழகுதற்குப் பந்து வீசினார். பின்னர் இந்துக்கள் அணி அவர் பந்தை விரும்பி ஏற்றது. அவர் தொட்ட குவளையை ஏற்கவில்லை! உடன் ஆடியவர் உள்ளே தேநீர் அருந்த, அவருக்கு வெளியே தனியே மண்குவளை. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற அணியில் நூற்றுக்கு மேற்பட்ட இலக்குகளை வீழ்த்திய பின்னும் அவருக்கு அணித்தலைமை கிட்டவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே அது கிட்டியது. டெசுட்டு எனப்படும் தேர்வாட்டத்தில் இந்தியா முதன்முதல் இறங்கியதோ 1932இல். ஆகலின் பாலுவின் தேர்வாட்டக் கணக்கில் ஓர் இலக்குமில்லை. எண்ணிக்கைக் கோலுக்கு அவர் பிறக்கவேயில்லை!

தமிழகத்துக்கு வருக. செங்கற்பட்டுப் பக்கத்து மொறப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன், 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் இரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர். வளைகோற் பந்தாட்டத்திலும் நாட்டுக்காக ஆடியவர். 1936இல் பெர்லினில் பொன் வென்ற வளைகோல் அணியோடு செல்லாமல் மட்டைப்பந்து அணியோடு இங்கிலாந்து சென்றார். அங்கே ஒரு தேர்வாட்டத்திலும் அவருக்கு இடந்தரப்படவில்லை. வாழ்நாளில் அவர் ஆடிய தேர்வாட்டம் ஒன்றே.

சேலம் சின்னப்பம்பட்டி நடராசன் கணக்கிலும் தேர்வாட்டம் ஒன்றே. நெசவுக் கூலியின் மகன். தறிச்சத்தத்தில் விடியும் அருப்புக்கோட்டைக்கு அவ்வாழ்வை விளக்கவேண்டுவதில்லை. டென்னிசுப் பந்தில் பழகிய அவர், 2020இல் பயிற்சிக்குப் பந்து வீசவே ஆத்திரேலியா அழைத்துச் செல்லப்பட்டார். ஒரே செலவில் மூவகை ஆட்டத்திலும் அடியெடுத்து வைத்த முதல் இந்திய ஆட்டக்காரராகத் திரும்பினார். 2021 சனவரியில் வெற்றி கண்ட பிரிசுபேன் ஆட்டத்தின் முதற்சுற்றில் மூன்று இலக்குகள் அவருடையவை. பின்னர்த் தம் ஊரிலேயே ஆடுகளம் அமைத்தார். பின்வருவோர்க்கு வழி திறத்தல் என்பது இதுவே.

எண்ணிக்கையின் உச்சியில் நிற்கும் தமிழரும் உளர். கண்டியில் பிறந்த மலையகத் தமிழர் முத்தையா முரளிதரன், 1995இல் மெல்போர்னில் பந்தை எறிகிறார் எனப் பழிக்கப்பட்டு, ஆய்வுகள் பல கடந்து, 2010 சூலை 22ஆம் நாள் காலியில் 800ஆம் இலக்கை வீழ்த்தினார். அவர்தம் அரசியற் சொற்கள் தமிழர் பலர் நெஞ்சைச் சுட்டன. 2020இல் அவர் வாழ்க்கைப் படத்துக்குத் தமிழகத்தில் எதிர்ப்பெழ, நடிகர் விசய் சேதுபதி அதினின்று விலகினார். கையின் ஆற்றலை மறைப்பது பொய். அவ்வாற்றலுக்காகச் சொல்லையும் ஏற்பது அடிமைத்தனம். இரண்டையும் பிரித்து எடையிடுவதே நேர்மை.

ஆகவே கோலை மாற்றுதல் வேண்டும். எவ்வளவு குவித்தார் என்பதோடு, எங்கிருந்து தொடங்கினார், எத்தடையைத் தாண்டினார், தமக்குப் பின் எவர்க்கு வழிவிட்டார் என்பனவும் எண்ணப்படல் வேண்டும். அப்பொழுது பாலுவும் கோபாலனும் நடராசனும் பட்டியலின் ஓரத்தில் நில்லார், நடுவில் அமர்வர்.

பட்டியலை மாற்றினால் மட்டும் போதாது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களில் ஊர்தோறும் சமன்செய்த திடல் ஒன்றும், தமிழில் கற்றுத்தரும் பயிற்றுநர் ஒருவரும் வேண்டும் எனக் கேட்பதில் என்ன தவறு? கண்மாயில் நீர் நிறைதல் உழவனுக்கு வாழ்வு. அது நிறையும் நாளில் தன் ஆட்டம் போயிற்றே என்று ஒரு சிறுவன் வருந்த நேருமாயின், அவ்விழிவு அவனதன்று. திடல் தராத நாட்டினது!