பஞ்சம் கிருமிக்கு இல்லை

ஆய்வகத்தில் வடிவமைத்த நுண்ணுயிர்க் கூட்டத்தைத் தூவினால் கடலில் கொட்டிய எண்ணெய் தீர்ந்துவிடும் என்ற வாதம் பழையது. ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இலேயே தீர்ப்பளித்தது. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காக் கரையைக் கறையாக்கியபோது கைகொடுத்ததோ நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொண்ட உரம். அதைத் தின்று பெருகி எண்ணெயைச் சிதைத்தவை, அங்கேயே வாழ்ந்த கிருமிகள். நிலத்தடி நீரில் கலந்த டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானை வெளியிலிருந்து செலுத்திய டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியாக் கூட்டங்கள் முறிக்கின்றனவே என்பார்கள். உண்மைதான், ஆனால் அவை மாசடைந்த நிலத்திலிருந்தே எடுத்து வளர்க்கப்பட்டவை, ஆக்சிஜன் இருந்தால் பிழைக்காதவை. அந்த இனம் போதிய அளவில் இல்லாத இடத்தில்தான் அவற்றைச் செலுத்துவதற்குப் பொருள் உண்டு. மண்ணையும் நீரையும் சோதிக்காமலே கிருமி மூட்டையை இறக்க வருபவர் விற்பது தீர்வையல்ல, சரக்கை.